சீல் பிரிக்காத கையொப்ப நூல்கள்: பிரித்துப் பார்த்து விற்பதா, அப்படியே விற்பதா?

நூற்பேழை (நியூ ஜெர்சி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊருக்கு அருகே காலமான ஒரு முதியவரின் வீட்டுப் பொருள்களை அவருடைய பிள்ளைகள் எஸ்டேட் சேலில் விற்றபோது, ஈஸ்டன் பிரஸ் வெளியிட்ட தோல் அட்டை நூல்கள் ஒரு பெட்டி நிறைய எனக்குக் கிடைத்தன. அனைத்தும் ஆசிரியர் கையொப்பமிட்ட பதிப்புகள் என்று பெட்டியில் இருந்த பழைய பில்கள் சொல்கின்றன. பதிப்பகத்திலிருந்து வந்த ஷ்ரிங்க் ராப் எனும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே எல்லாம் இருக்கின்றன. தன் தந்தை ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை என்று அவருடைய மகள் சொன்னார். இரண்டு நூல்களை எனக்கென வைத்துக்கொண்டு மற்றவற்றை ஈபே இணையச் சந்தையில் விற்க எண்ணியிருக்கிறேன். பிரித்தால் விலை இறங்கிவிடும் என்று சிலரும், பிரிக்காமல் விற்பது முறையன்று என்று சிலரும் சொல்வதால், இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

தோலட்டை (டெக்சஸ்)

வணக்கம் ஐயா. நான் இந்த வகை நூல்களை வாங்கி விற்பவன். என் பரிந்துரை, உறையைத் தொடாதீர்கள் என்பதே.

கனெக்டிகட் மாநிலத்தின் நார்வாக் நகரைச் சேர்ந்த ஈஸ்டன் பிரஸ், 1970களிலிருந்து தோல் அட்டை, தங்க முலாம் பூசிய தாள் விளிம்பு, பட்டுத்துணி உள்ளட்டை, பக்க அடையாள நாடா என ஒரே பாணியில் நூல்களைச் செய்துவருகிறது. இதே பாணியில் கையொப்பப் பதிப்புகளை வெளியிட்ட பிராங்க்ளின் லைப்ரரி 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டதால், இப்போது இந்த வகையில் ஈஸ்டனின் பெயரே முதலில் நிற்கிறது. இவற்றை வாங்குபவர்களில் பெரும்பாலோர் படிப்பதற்காக வாங்குவதில்லை. பதிப்பகத்திலிருந்து எந்த நிலையில் வெளியேறியதோ அதே நிலையில் தங்கள் அலமாரிக்கு வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், அந்த உறுதிக்காகவே கூடுதலாகப் பணம் தருகிறார்கள். பிரித்த பிரதியை எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும் அது "புதியது போன்றது" ஆகுமே தவிர "புதியது" ஆகாது. பிரிக்கும் உரிமையை வாங்குபவருக்கே விட்டுவிடுங்கள்.

முதற்பதிப்பு (சிகாகோ)

தோலட்டை சொல்லும் விலை நிலவரம் உண்மை. ஆனால் அந்த விலை எதற்காகத் தரப்படுகிறது என்று கேட்டுப் பார்த்தால், அதன்மேல் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

கையொப்ப நூலின் கூடுதல் விலை முழுவதும் உள்ளே இருக்கும் ஒரே ஒரு தாளைச் சார்ந்தது. ஆசிரியரிடம் தனித்தாள்களாக அனுப்பிக் கையொப்பம் வாங்கி, அச்சான பக்கங்களோடு சேர்த்து பைண்டிங் செய்வதே இப்பதிப்புகளின் நடைமுறை. பைண்டிங் செய்யும் இடத்தில் அந்தத் தாள் விடுபடலாம். கையொப்பமில்லாத சாதாரணப் பதிப்பு தவறுதலாக அதே பெட்டியில் வைக்கப்படலாம். பக்கங்கள் தலைகீழாகத் தைக்கப்படலாம். இவை அரிதாகவே நடக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறை பிரிக்கப்படாத வரை இவற்றில் எதையும் எவராலும் கண்டறிய முடியாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது காலக்கெடு. ஈபேயில் பொருள் விவரித்தபடி இல்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கப் பொதுவாக 30 நாள்தான் அவகாசம். சீல் பிரிக்காத நூலை வாங்குபவர் அதை சீல் பிரிக்காமலேயே அலமாரியில் வைக்கிறார். பத்து ஆண்டு கழித்து அவரோ அவருடைய பிள்ளைகளோ பிரிக்கும்போது உள்ளே கையொப்பம் இல்லையென்றால் கேட்பதற்கு எவரும் இருக்கமாட்டார்கள். முதலில் விற்ற பதிப்பகத்திற்கும் கடைசியில் பிரித்தவருக்கும் இடையே எத்தனை கை மாறியிருந்தாலும், அத்தனை பேரும் தாம் கண்ணால் காணாத ஒன்றை "கையொப்பமிட்டது" என்று எழுதிக் கைமாற்றியவர்கள் ஆகிறார்கள். நூற்பேழை ஐயா, உங்களுக்கு அந்தப் பெட்டியை விற்ற குடும்பமும் இதே நிலையில்தான் இருந்தது.

தோலட்டை (டெக்சஸ்)

அப்படியானால் பதிப்பகத்தின் சான்றிதழுக்கு மதிப்பே இல்லையா? ஈஸ்டன் கையொப்பப் பதிப்புகளோடு சான்றிதழ் ஒன்று தருகிறார்கள். ஒரு பெரிய நிறுவனம் தன் பெயரை அடகு வைத்துச் சொல்வதைச் சந்தேகிக்கத் தொடங்கினால் எதையுமே வாங்க முடியாது. தொழிற்சாலை உறை பிரியாமல் இருக்கிறது என்றால், சான்றிதழுக்கும் நூலுக்கும் இடையே வேறு எவருடைய கையும் படவில்லை என்று பொருள். பிரித்த பிரதியில்தான் சான்றிதழ் மாறியிருக்கவும், கையொப்பத் தாள் வெட்டி எடுக்கப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

முதற்பதிப்பு (சிகாகோ)

பெரிய நிறுவனத்தின் உறுதிமொழி என்றதும் 2022 நவம்பரில் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். பாடகர் பாப் டிலன் எழுதிய 'தி பிலாசஃபி ஆஃப் மாடர்ன் சாங்' நூலின் 900 பிரதிகளை, அவரே கையால் கையொப்பமிட்டவை என்று அறிவித்து, ஒவ்வொன்றும் 599 டாலர் விலையில் சைமன் அண்ட் சூஸ்டர் பதிப்பகம் விற்றது. பிரதியோடு, இது டிலன் கைப்படக் கையொப்பமிட்டது என்று உறுதி கூறும் கடிதமும் வந்தது. அக்கடிதத்தில் நிறுவனத்தின் தலைமை அதிகாரி ஜோனதன் கார்ப் கையெழுத்திட்டிருந்தார். சான்றிதழ் என்ற வகையில் அதைவிட உயர்ந்த இடத்திலிருந்து ஒன்றை எதிர்பார்க்க முடியாது.

பிரதிகள் வந்து சேர்ந்ததும் வாங்கியவர்கள் கையொப்பங்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். ஒருவருடைய படத்தை மற்றொருவருடையதன் மேல் வைத்துப் பார்த்தபோது கோடுகள் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தின. மனிதக் கை ஒரே கையொப்பத்தை இரண்டு முறை அச்சு மாறாமல் போடாது. அவை ஆட்டோபென் என்னும் இயந்திரம் இட்டவை என்பது சில நாள்களிலேயே தெளிவாகி, நிறுவனம் எல்லோருக்கும் பணத்தைத் திருப்பித் தந்தது. 2019இலிருந்து தலைசுற்றல் நோய் இருந்ததாலும், பெருந்தொற்றுக் காலத்தில் கையொப்பமிடும் ஏற்பாடுகளைச் செய்ய முடியாததாலும் இயந்திரத்தைப் பயன்படுத்தியதாக டிலனும் பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாங்கியவர்கள் அத்தனை பேரும் பிரதியைத் திறக்காமல் முதலீடாகப் பூட்டி வைத்திருந்தால், இந்தச் செய்தியே வெளிவந்திருக்காது. 599 டாலர் திரும்பக் கிடைத்தது, திறந்து பார்த்துப் பகிர்ந்துகொண்டவர்களால்தான்.

உறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஷ்ரிங்க் ராப் என்பது சூடு பட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான். அந்தத் தாளும் விளிம்பை ஒட்டும் கருவியும் சூடான காற்று ஊதும் கருவியும் எவரும் வாங்கக்கூடிய பொருள்கள். பிரித்த நூலை ஐந்து நிமிடத்தில் மீண்டும் உறையிடலாம். பதிப்பகத்தின் பெயரோ எண்ணோ அச்சிடப்படாத ஒரு வெற்று பிளாஸ்டிக் தாளை வைத்து, எவருடைய கையும் படவில்லை என்று தோலட்டை எப்படிச் சொல்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

அடையாறு வாசகன் (சென்னை)

விலைப் பேச்சுக்கு நடுவில் நூலின் உடல்நலத்தைப் பற்றியும் பேசவேண்டும். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த இத்தகைய நூல்களைச் சென்னையில் வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஷ்ரிங்க் ராப் உறை, கடையில் தூசும் கைரேகையும் படாமல் இருப்பதற்காகப் போடப்படுவது. பல ஆண்டுகள் பாதுகாப்பதற்கென வடிவமைக்கப்பட்டதன்று. உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்காகப் பெரும்பாலும் அதில் ஊசிமுனை அளவு துளைகள் இருக்கும். அவற்றின் வழியே நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போகும். போன ஈரம் எளிதில் வெளியே வராது. தோலுக்கும் தாளுக்கும் இதைவிடக் கெடுதல் வேறில்லை. மேலும், சுருங்கிய உறை அட்டையின் நான்கு மூலைகளையும் விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பதால் நாளடைவில் அட்டை வளைகிறது.

பல ஆண்டுகள் உறைக்குள் இருந்த ஒரு நூலை என் நண்பர் வீட்டில் பிரித்தபோது அருகிலிருந்து பார்த்தேன். தங்க முலாம் பூசிய தாள் விளிம்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. விரலால் மெல்லப் பிரித்தபோது மெல்லிய ஒலியோடு விலகின, இரண்டு இடங்களில் மட்டும் முலாம் பொடியாக உதிர்ந்தது. நாடா வைக்கப்பட்டிருந்த பக்கங்களில் அதன் அகலத்திற்குப் பள்ளம் விழுந்திருந்தது. உள்ளே செருகியிருந்த அறிமுகக் குறிப்பின் தாள், தான் படிந்திருந்த பக்கத்தில் தன் வடிவத்திலேயே பழுப்புக் கறையை விட்டிருந்தது. கையொப்பம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெளியிலிருந்து பார்த்த எவரும் அந்த நூலைக் குறையற்றது என்றே எழுதியிருப்பார்கள்.

நூலகங்கள் நாற்பது முதல் ஐம்பது சதவீத ஈரப்பதத்தை விரும்புகின்றன. சென்னையில் அது எழுபதைத் தாண்டுவது வழக்கமான ஒன்று. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் நூலைப் பிரித்து, பாலியெஸ்டர் மேலுறை போட்டு, அமிலமற்ற அட்டைப்பெட்டியில் வைத்து, ஆண்டுக்குச் சில முறையாவது எடுத்துக் காற்றாடவிடுவதே நல்லது.

தேம்ஸ்கரை (லண்டன்)

பிரிட்டனில் இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாக இல்லை. கையொப்பமிட்ட முதல் பதிப்புகளுக்குப் பெயர்பெற்ற கோல்ட்ஸ்பரோ போன்ற லண்டன் கடைகளில் எண்ணிட்ட பிரதிகளை வாங்குபவர்கள், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தலைப்புப் பக்கத்தைத் திருப்பிக் கையொப்பத்தையும் எண்ணையும் பார்க்கிறார்கள். எண்ணிட்ட பிரதியில் எண்ணைப் பார்க்காமல் எப்படி வாங்குவது?

இங்கே பேரம் நடப்பது வேறோர் இடத்தில். தலைப்புப் பக்கத்திலேயே ஆசிரியர் நேரில் கையொப்பமிட்டதை அதிகம் மதிக்கிறார்கள். தனித்தாளாகக் கையொப்பமிட்டுப் பின்னர் சேர்த்தது அதற்கு அடுத்தது. கையொப்பமிட்ட சீட்டை நூலில் ஒட்டிக் கொடுப்பது அதற்கும் கீழே, ஏனென்றால் அந்தச் சீட்டை எந்தப் பிரதியில் வேண்டுமானாலும் ஒட்டலாம். "இன்னாருக்கு அன்புடன்" என்று பெயர் சேர்ந்துவிட்டால், அந்த இன்னார் புகழ்பெற்றவராக இருந்தாலன்றி விலை குறையும்.

உறுதிப்பாட்டிற்கு எனக்குப் பிடித்த வழி, 2012இல் ஜே. கே. ரௌலிங் தம் முதல் பெரியவர்களுக்கான நாவலுக்குக் கையொப்பமிட்டபோது பின்பற்றப்பட்டது. கையொப்பமிட்ட பக்கத்திலேயே ஹாலோகிராம் வில்லையை ஒட்டிவிட்டார்கள். சான்று நூலோடு ஒன்றாகிவிடுகிறது, தனியே பிரிந்து போவதில்லை. செருகிவைத்த சான்றிதழ் தொலைந்துபோகும், இடம் மாறும், வேறொரு பிரதியோடு சேர்ந்து விலைபோகும். தோலட்டை ஐயா சொல்லும் சான்றிதழ் எவ்வகை என்று பார்த்துவிட்டு நம்புவது நல்லது.

தோலட்டை (டெக்சஸ்)

டிலன் விவகாரத்தை நான் மறக்கவில்லை. ஆனால் அதைக் கொண்டு ஈஸ்டன் பிரஸ்ஸை எடைபோடுவது நியாயமாகாது. அந்த நிறுவனத்தின்மேல் அப்படியொரு குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டதாக நான் அறியவில்லை.

உறையை எவரும் மீண்டும் போடலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் இந்தப் பெட்டி முதல் உரிமையாளர் வீட்டிலிருந்தே வந்திருக்கிறது, பில்களும் உள்ளன. உறையைவிட இந்தப் பில்கள்தான் பெரிய சான்று. அவற்றைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள் ஐயா. விற்கும்போது அந்தந்த நூலோடு அதன் பில்லையும், முகவரியை மறைத்துவிட்டு, சேர்த்து அனுப்புங்கள்.

முதற்பதிப்பு (சிகாகோ)

நான் ஈஸ்டன்மேல் குற்றம் சொல்லவில்லை. நேர்மையான நிறுவனத்தின் பைண்டிங் மேசையிலும் தாள் விடுபடும் என்பதே நான் சொன்னது. பில்களைப் பற்றி நீங்கள் சொல்வது மிகச் சரி. எனக்கும் பிரியாத உறையைவிட முதல் உரிமையாளரின் பில்தான் வலுவான ஆதாரம்.

வாசகசாலை (மதுரை)

ஒரு கேள்வி. விற்பவர் எழுத்தால் உறுதி தரவேண்டும் என்று அங்கே சட்டம் எதுவும் இல்லையா?

முதற்பதிப்பு (சிகாகோ)

கலிபோர்னியாவில் முயன்று பார்த்தார்கள். விளையாட்டு வீரர்களின் கையொப்பப் பொருள்களுக்காக 1990களில் இயற்றிய சட்டத்தை, 2016இல் எல்லாக் கையொப்பப் பொருள்களுக்கும் விரிவாக்கினார்கள். 2017 ஜனவரியிலிருந்து, ஐந்து டாலருக்கு மேல் விற்கும் எந்தக் கையொப்பப் பொருளுக்கும் விரிவான சான்றிதழ் தரவேண்டும், அதன் நகலைப் பல ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், பொருள் எவரிடமிருந்து வந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும் என்று ஆனது. போலிகளைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் எழுத்தாளரை அழைத்து வாசகர் முன்னிலையில் கையொப்பமிடச் செய்யும் புத்தகக் கடைகள், ஒவ்வொரு பிரதிக்கும் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க முடியாமல் தவித்தன. புக் பாசேஜ் என்னும் கடை வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் சட்டத்தைத் திருத்தி நூல்களுக்கு விலக்கு அளித்துவிட்டார்கள்.

ஆகவே நூலைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் வாங்குபவருக்குக் காவலாக வராது. விற்பவர் எழுதும் விவரணையே காவல். அதனால்தான் அதில் எந்தச் சொல் இடம்பெறுகிறது என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

அடையாறு வாசகன் (சென்னை)

மறுவிற்பனை என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். இவர் வாங்கியது ஒரு வாசகரின் பழைய சேகரிப்பு. அதில் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் குறைந்த எண்ணிக்கையில் வெளிவரும் கையொப்பப் பதிப்பை முன்பதிவு தொடங்கிய நிமிடத்திலேயே அள்ளிக்கொண்டு, கையில் வந்து சேர்வதற்கு முன்பே இரு மடங்கு விலையில் பட்டியலிடுபவர்களால், உண்மையில் படிக்க விரும்பும் வாசகர்களுக்கு அந்தப் பிரதி கிடைக்காமலே போகிறது. அவர்கள்தான் பெரும்பாலும் "சீல் பிரிக்காதது" என்ற சொல்லை முன்னிறுத்துகிறார்கள், திறந்து பார்க்கும் ஆர்வமே அவர்களுக்கு இல்லாததால்.

தோலட்டை (டெக்சஸ்)

அந்தக் கோபம் நியாயமானது. அதில் பெரிய லாபமும் இல்லை என்பதைப் புதியவர்கள் அறியவேண்டும். 150 டாலருக்கு ஒரு நூல் விற்றால் ஈபே கட்டணமே ஏறக்குறைய 15 சதவீதம், அதாவது 22 டாலருக்கு மேல் போகும். தோல் அட்டை நூல் கனமானது, மூலை நசுங்காமல் இருக்க இரட்டைப் பெட்டியில் அனுப்பவேண்டும். செலவைக் குறைக்க, நூல்கள் போன்றவற்றுக்கான மலிவு அஞ்சலான மீடியா மெயிலில் அனுப்பினால், நூல்தானா என்று சோதிக்க அஞ்சல் துறை பெட்டியைத் திறந்து பார்க்க உரிமையுண்டு. பிறகு அவர்கள் மூடும் விதம் நம் கையில் இல்லை. விலை மதிப்புள்ள பிரதியைக் காப்பீடு செய்து வேறு வழியில் அனுப்புவதே நல்லது.

அத்துடன், எல்லாக் கையொப்பமும் அரிதன்று. ஜிம்மி கார்ட்டர் தம் நூல்களுக்குக் கடைகளில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் சளைக்காமல் கையொப்பமிட்டவர். வேகத்துக்காக அதை மிகச் சுருக்கமாகவே இடுவார். முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் என்ற பெயரை மட்டும் பார்த்து விலையை ஏற்றிவைத்தால் நூல் மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும். விற்பனைக்குப் போட்ட விலைகளைப் பார்க்காதீர்கள், விற்றுமுடிந்த விலைகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள்.

நூற்பேழை (நியூ ஜெர்சி)

எல்லோருக்கும் நன்றி. நான் வைத்துக்கொள்ளும் இரண்டையும் பிரித்துவிடப் போகிறேன், நூல் என்பது படிப்பதற்குத்தானே. விற்பவற்றில் விலை மிகுந்தவற்றையும் பிரித்துப் பார்த்தே விற்பது என்று முடிவு செய்திருக்கிறேன். சற்றுக் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை. எஞ்சிய சிலவற்றை மட்டும் உறையோடு விற்கிறேன். தோலில் கீறல் விழாமல் உறையை எப்படிப் பிரிப்பது? கையொப்பத் தாளில் எதைப் பார்ப்பது?

அடையாறு வாசகன் (சென்னை)

அட்டையின் மேல் பிளேடைக் கொண்டுபோகவே கூடாது. அட்டை, தாள்கட்டை விடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதுகுக்கு எதிர்ப்புறத்தில், இரண்டு அட்டைகளுக்கும் இடையே உறை எதையும் தொடாமல் அந்தரத்தில் இருக்கும். அந்த இடத்தில் சிறிய கத்தரிக்கோலின் மழுங்கிய முனையால் துளையிட்டு, அங்கிருந்து விரலால் கிழித்துக்கொண்டு போங்கள். பிரிக்கும் முன் ஆறு பக்கமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிரிப்பதை இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. நூலைச் சட்டென்று நடுவில் திறக்காதீர்கள். முன்னால் சில தாள்கள், பின்னால் சில தாள்கள் என்று மாறி மாறித் தளர்த்திக்கொண்டே நடுவுக்கு வரவேண்டும். முலாம் ஒட்டிய தாள்களை இழுக்காமல் விளிம்பை வளைத்து விடுங்கள், தாமாகப் பிரியும்.

முதற்பதிப்பு (சிகாகோ)

கையொப்பத் தாளை விளக்கொளி பக்கவாட்டிலிருந்து விழும்படி சாய்த்துப் பாருங்கள். பால்பாயிண்ட் பேனா என்றால் பள்ளம் தெரியும். மார்க்கர் பேனா என்றால் தாளின் பின்புறம் மை ஊறிய நிழல் இருக்கலாம். பூதக்கண்ணாடியில் சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சிட்ட கையொப்பம். ஆட்டோபென்னும் உண்மையான மையில்தான் எழுதும் என்பதால் பூதக்கண்ணாடி மட்டும் அதைக் காட்டிக்கொடுக்காது. ஒரே அழுத்தத்தில் ஓடும் கோடும், தொடக்கத்திலும் முடிவிலும் அழுந்திய புள்ளியும் ஐயம் தரவேண்டும். அதே பதிப்பின் வேறு பிரதிகளை விற்றவர்கள் போட்ட படங்களைத் தேடி எடுத்து ஒப்பிடுங்கள். கோடுக்குக் கோடு பொருந்தினால் விற்காதீர்கள்.

நூற்பேழை (நியூ ஜெர்சி)

உறையோடு விற்கும் பிரதிகளுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "ஈஸ்டன் பிரஸ், ஆசிரியர் கையொப்பமிட்ட பதிப்பு, தொழிற்சாலை உறை பிரிக்கப்படவில்லை, குறையற்ற நிலை. முதல் உரிமையாளரின் பில் உண்டு." இது சரியா?

முதற்பதிப்பு (சிகாகோ)

"குறையற்ற நிலை" என்பதை எடுத்துவிடுங்கள், உள்ளே நீங்கள் பார்க்கவில்லை. "ஆசிரியர் கையொப்பமிட்ட பதிப்பு" என்பதற்குப் பதிலாக, "கையொப்பப் பதிப்பாகப் பதிப்பகம் வெளியிட்டது, நான் பிரிக்காததால் கையொப்பத்தை நேரில் பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். "தொழிற்சாலை உறை" என்பதை, "முதல் உரிமையாளர் குடும்பத்தினர் பிரிக்கவில்லை என்று சொன்ன உறை" என்று மாற்றுங்கள். வாங்கிய 30 நாளுக்குள் பிரித்துப் பார்த்துக்கொள்ளவும், கையொப்பம் இல்லையெனில் முழுப் பணமும் திரும்பத் தரப்படும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தோலட்டை (டெக்சஸ்)

இந்த வாசகத்தோடு போட்டால் சிலர் தயங்குவார்கள். ஆனால் அந்தக் கடைசி வரியை என் பட்டியல்களிலும் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். பில்லின் படத்தை இரண்டாவது படமாக வையுங்கள் ஐயா, முதல் படம் முதுகுப்புறத்தைக் காட்டட்டும்.